சக்கரபாணியின் காடைகளுக்குக் கிடைத்த விடுதலை

மஞ்சக்குப்பத்தில் உயிர்நேயக் கழகத்துக்குத் தலைவராக இருந்த சக்கரபாணி, அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எறும்புக்கு வழிவிட்டு நடப்பார். அதை நாலு பேர் பார்க்கும்படி நடப்பார். கொசு கடித்தால் ஊதித்தான் விரட்டுவார். வீட்டின் பின்புறத்தில் மட்டும் காடை வளர்த்தார்.

2008-இல் அந்த யோசனையைச் சொன்னவன் மச்சான் பொன்னுரங்கம். சிதம்பரத்தில் அவன் ஓட்டலில் காடை வறுவலுக்கு அவ்வளவு கிராக்கி.

"நீங்க வளத்து மட்டும் குடுங்க மாமா. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அந்த 'மத்தது' என்னவென்று சக்கரபாணி கேட்டுக்கொள்ளவில்லை. கேட்காதவரைக்கும் பாவம் ஒட்டாது என்பது அவர் எண்ணம்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ ஆளுயரத்தில் ஒரே பெரிய கம்பிவலைக் கூண்டு கட்டினார். காடை வாங்கப் போன இடத்தில் விற்றவர் சொன்ன எதையும் காதில் வாங்காமல், நெஞ்சு செம்மண் நிறத்தில் மினுமினுத்த பறவைகளாகப் பார்த்துப் பொறுக்கினார். நெஞ்சில் புள்ளி விழுந்ததையெல்லாம் நோஞ்சான் என்று ஒதுக்கிவிட்டார். கூண்டுக்குள் விட்டதுமே அவை ஒன்றன் மண்டையை ஒன்று கொத்திக் கிழித்தன. ஒரு முட்டை கூட வரவில்லை.

"புது எடம்ல, வெக்கப்படுதுங்க" என்றார்.

மனைவி அமராவதி ஒன்றைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள். "எல்லாம் ஆம்பளைங்க. அதான் வேலவெட்டி இல்லாம சண்ட போடுதுங்க."

பிறகு புள்ளி நெஞ்சுப் பெட்டைகள் வந்தன. முட்டையும் வந்தது. வளர்ப்புக் காடை அடைகாக்காது என்பதால் மரப்பெட்டியில் பல்பு எரியவிட்டுப் பொரிக்க வைத்தது அமராவதி. கட்டைவிரல் அளவுக் குஞ்சுகள் மூழ்கிவிடாமல் தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டதும், தினமும் எச்சம் வாரியதும் அமராவதி. "நம்ம பண்ணை" என்று சொல்லிக்கொண்டது சக்கரபாணி. வாராவாரம் பொன்னுரங்கம் அனுப்பும் வண்டியில் துணி மூடிய கூடைகள் ஏறும். தெருவில் யாராவது கேட்டால், "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போவுதுங்க" என்பார்.

2010-இல் கழகத்தின் ஆண்டு விழா. "கூண்டில் ஓர் உயிரை அடைப்பவன் தன் இதயத்தையே அடைக்கிறான்!" என்று மேடையில் சக்கரபாணி குரல் தழுதழுக்கப் பேசினார். பலத்த கைதட்டல், சால்வை. சிறப்பு விருந்தினராக வந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ரத்தினம்மாள் மனம் உருகி, மறுநாள் காலை காபிக்கு வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே பாதிக் கழகமும் வந்தது. அந்த நேரம் பார்த்து ஆண் காடை ஒன்று கத்தித் தொலைத்தது.

"அது என்னங்க சத்தம்?" என்று கேட்டார் ரத்தினம்மாள்.

சக்கரபாணி இருமினார். அமராவதி, "வந்து பாருங்கம்மா" என்று எல்லோரையும் பின்பக்கம் அழைத்துப் போனாள்.

கூண்டைக் கண்டதும் ரத்தினம்மாளின் முகம் இறுகியது. சக்கரபாணி முந்திக்கொண்டார். "அறுக்கறவங்ககிட்டேருந்து காப்பாத்தி வச்சிருக்கேம்மா. நல்ல நாள் பாத்து விட்டுறலாம்னு..."

"நல்ல காரியத்துக்கு நாள் எதுக்குங்க? இப்பவே தொறங்க."

கழகத்தார் கைதட்டினார்கள். வேறு வழியின்றித் திறந்தார். ஒரு காடையும் தீனித் தட்டை விட்டு நகரவில்லை. சக்கரபாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தீங்களா? பாசம். போவ மாட்டேங்குதுங்க."

அமராவதி துடைப்பத்தோடு கூண்டுக்குள் நுழைந்தாள். "நேத்து நீங்க பேசுனத கேட்டு நான் அழுதுட்டேங்க" என்று சொல்லி ஒரு வீசு வீசினாள். காடைகள் பந்து போல் எகிறி, பக்கச் சந்து வழியாகத் தெருவில் கொட்டின. பறந்து தப்பத் தெரியாத கூட்டம் சாக்கடை ஓரமாகவே ஓடியது.

அன்று மாலை தெரு முழுக்க மிளகு வறுபடும் வாசனை. சக்கரபாணி வீட்டுக்கு வீடு நின்று மூக்கை உறிஞ்சினார். கேட்கத்தான் வாய் வரவில்லை. எதிர்வீட்டுப் புஷ்பவள்ளி ஏப்பம் விட்டபடி, "நீங்களே தொறந்து உட்டீங்களாமே! பெரிய மனசு உங்களுக்கு" என்று பாராட்டினாள்.

சேதி குறிஞ்சிப்பாடி வரைக்கும் பரவியது. கண் தெரியாத சேவல், கால் ஒடிந்த காக்கை, கறிக்கடைக்காரனே வேண்டாமென்ற கிழ ஆடு என்று மக்கள் பக்தியோடு கொண்டுவந்து காலிக் கூண்டில் விட்டுப் போனார்கள். தலைவர் மறுக்க முடியுமா? அமராவதி, தன் தம்பி பொன்னுரங்கத்தின் ஓட்டலைக் கவனிக்கச் சிதம்பரம் போய்விட்டாள்.

"எப்ப வர்ற? சேவல் கையக் கொத்துதுடி" என்று போனில் கெஞ்சினார் சக்கரபாணி.

"இங்க கூட்டம் ஜாஸ்திங்க" என்று வைத்துவிட்டாள்.