செங்கேணி ராஜாவுக்கு மூன்று குரல்

ஜங்புரா மதராசி கேம்ப்பில் பச்சைமுத்துவைத் தெரியாத ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். டெல்லிக்கு வந்து செங்கல் சுமந்து, அந்தக் கையாலேயே மைக் செட் வாங்கி, இருபத்தெட்டு வருஷம் கேம்ப்பின் கல்யாணம், காதுகுத்து, கூத்து எல்லாவற்றுக்கும் சத்தம் கொடுத்தவர். யார் சிபாரிசும் கிடையாது. கூத்திலும் அவர்தான் ராஜா. செங்கேணி ராஜா வேஷம் கட்டி, செத்துப்போன மகளைத் தேரில் வைத்து அழுகிற பாட்டை எடுத்தாரென்றால், பாஷை புரியாத இந்திக்காரப் பையாக்கள்கூடக் கண்ணைத் துடைப்பார்கள்.

ஒரே ஒரு வருஷம் தொண்டை கட்டிக்கொண்டது. அந்த வருஷம் பெயின்டர் விஜயன் ராஜா வேஷம் கட்டினான். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் விடவில்லை.

கேம்ப்பை இடித்த பிறகு ஆட்டக்காரர்கள் திசைக்கொருவராகப் போய்விட்டார்கள். மாற்று வீடு கொடுத்த நரேலா குடியிருப்பில் முதல் ஆடிக் கூழ். கூத்துக்கு ஆள் இல்லை, பழைய பதிவையாவது போடலாம் என்று பேச்சு வந்தது. பதிவு மூன்று இருந்தது. மூன்றையும் கேசட்டிலிருந்து தனித்தனிப் பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தவர் பச்சைமுத்துதான். ஊரிலிருந்து வந்த கூத்து ஜமா பாடியது ஒன்று; மத்தளச் சத்தத்தில் பாட்டு முங்கிப் போகும். பச்சைமுத்து பாடியது ஒன்று. விஜயன் பாடியது ஒன்று. எதைப் போட என்று கேட்டதும் பெண்கள் அத்தனை பேரும் விஜயன் என்றார்கள். முதலில் சொன்னவள் பவுனு. அவருடைய சொந்தப் பெண்டாட்டி.

பச்சைமுத்து அந்தப் பதிவைக் கேட்காதவர் இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எத்தனையோ மத்தியானம் கேட்டிருக்கிறார், குறை கண்டுபிடிக்க. இரண்டாம் அடியில் சுருதி இறங்குகிறது. நடுவில் இருமுகிறான். "தேரு சாயுதே" என்கிற இடத்தில், ராஜா லட்சணமாக ஓங்கி முடிக்காமல், தேம்பிக்கொண்டே குரலைக் கீழே விட்டுவிடுகிறான். அந்தத் தேம்பலுக்குத்தான் இவர்கள் இந்த உருகு உருகுகிறார்கள்.

விஜயன் பதிவு வீடு இடித்த களேபரத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அந்தப் பென் டிரைவ் சட்டைப் பையில்தான் இருந்தது.

கூழ் ஊற்றி முடித்த மத்தியானம், நான்கு ஸ்பீக்கரிலும் பச்சைமுத்துவின் குரல் கணீரென்று கிளம்பியது. பெண்கள் டம்ளர் கழுவினார்கள், தண்ணீர் வராத கதை பேசினார்கள். அழுகிற பாட்டு வந்ததும் பேச்சு நின்றது. இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்கள் கூடவே பாடத் தொடங்கினார்கள். "தேரு சாயுதே" வந்தபோது ஸ்பீக்கரில் அவர் குரல் மேலே ஏறியது; கீழே இருந்தவர்கள் மொத்தமாகத் தேம்பிக் குரலை இறக்கினார்கள். அவர் சத்தத்தைக் கூட்டினார். அந்த அடி திரும்ப வந்தது. பவுனு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஏய்யா, ஓடறது உன் பாட்டு. உன் வாய் ஏன் விஜயன் மாதிரி தேம்புது?"

அப்போதுதான் தன் உதடு அசைவது அவருக்குத் தெரிந்தது. பவுனு அவர் சட்டைப் பையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

அவளிடம் கொடுக்காமல் பென் டிரைவை அவரே சொருகினார். போடுவதற்கு முன்னால் மைக்கை எடுத்தார்.

"அடுத்து விஜயன் பாடினது. பதிவு பண்ணினது பச்சைமுத்து மைக் செட். நடுவுல ஒரு இருமல் வரும். அது செட்டு கோளாறு இல்ல."