பேரின்பநாதன் அண்ணை வெட்டிய சொல்

செவ்வாய்க்கிழமை காலை, வகுப்புக்குப் போக மொன்ட்ரியால் மெட்ரோப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது துஷ்யந்தி அழைத்தாள். பேரின்பநாதன் அண்ணையின் மகள், லொங்குய்யில் இருப்பவள். "அப்பா போயிட்டார் அண்ணா" என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் இரைச்சலில் கேட்கவில்லை. படியிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் "பர்தோன், பர்தோன்" என்று என்னை இடித்துக்கொண்டு போனார்கள்.

உங்களில் பலருக்கு அவரை ஆஸ்பத்திரியில் தெரிந்திருக்கும். நோயாளிகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் வேலை. டாக்டர் சொல்லும் பிரெஞ்சை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்பவரும் அவர்தான். எனக்கு அவர் பழக்கமானது ஒரு படத்தால். சுவீடன் நாட்டுத் தளபதி ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லும் பழைய காலத்துப் போர்ப் படம் அது. எங்கள் திரைப்பட வட்டத்தில் தமிழ் சப்டைட்டிலோடு காட்ட முடிவெடுத்தோம். கையில் இருந்ததோ பிரெஞ்சு சப்டைட்டில். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை. நான் மதுரைக்காரன், கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். தமிழ் எனக்குத்தான் தெரியும் என்ற கர்வம் மட்டும் முழுசாக இருந்தது.

மொன்ட்ரியால்-நோரில் அவருடைய இரண்டாம் மாடி வீட்டில், சனிக்கிழமை மத்தியானங்களில் வேலை நடந்தது. அவர் பிரெஞ்சைப் படித்து யாழ்ப்பாணப் பேச்சில் சொல்வார். நான் அதை எழுத்துத் தமிழில் எழுதுவேன். படைவீரர்கள் தளபதியை வாழ்த்தும் முதல் காட்சிக்கு "எங்கள் மாவீரரே" என்று எழுதினேன். அவர் தாளை வாங்கி அந்தச் சொல்லை வெட்டினார்.

"தளபதி எண்டு போடும். அவன் சாகேல்லை."

எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் குதிரையேறிய ராஜா எல்லாரும் மாவீரன்தான். தளபதி என்றால் வசனம் சப்பென்று இருக்கிறதே என்று, அவரிடம் சொல்லாமல், வெட்டியதைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில் படம் ஓடியது. முதல் காட்சியிலேயே பின்வரிசையில் ஒரு அம்மா, "ஐயோ, பெடியன் செத்திட்டானே" என்றார். தளபதி போரில் தோற்றுப் பனிநாட்டில் கைதியாகிறார். ஊரில் அவருக்கு நினைவுக்கல் நட்டுவிடுகிறார்கள். பல வருடம் கழித்து நரைத்த தாடியோடு திரும்பி வந்து அந்தக் கல்லைப் படிக்கிறார். மண்டபத்தில் பாதிப்பேர் வந்தது ஆவி என்றே நினைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணையோடு சேர்ந்து சிரிக்கலாம் என்று திரும்பினால் அவர் நாற்காலி காலி.

வெளியே பனியில் கோட்டுகூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தார்.

"உம்மட ஊரில மாவீரன் உயிரோட திரிவான் தம்பி. எங்கட சனத்துக்கு அது இயக்கத்தில செத்த பிள்ளையளின்ர பேர்."

பிறகுதான் மகனைப் பற்றிச் சொன்னார். கோபி இயக்கத்துக்குப் போனவன். போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். "ஒவ்வொரு கார்த்திகையும் அந்தப் பிள்ளையளை நினைக்கிற நாளுக்கு அவன்ர படத்தைக் கேட்டு வருவினம், பூப்போட. நான் குடுக்கேல்லை. அவனுக்கு அந்தச் சொல்லை நான் சொன்னா அவன் முடிஞ்சான்." நான் மன்னிப்புக் கேட்டேன். "விடும், உமக்குத் தெரியாதுதானே" என்றார். தெரியாதது உண்மைதான். ஆனால் அவர் வெட்டியதை நான் மதிக்கவில்லை, அது தெரிந்தே செய்தது.

கோபியின் படம் கேட்டு வந்தவர்கள் மெல்ல மெல்ல அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். மனைவி காலமானார். ஆஸ்பத்திரி வேலையும் முடிந்தது. அந்தச் சினிமாவின் கடைசி இருபது நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தினை வருசத்துக்குப் பிறகு வாறான், பாத்தீரே?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, அது சினிமாண்ணே" என்றேன்.

"இல்லைத் தம்பி. உண்மையா நடந்த கதை எண்டு தொடக்கத்திலேயே போட்டிருக்கினம்."

அந்த வரியைத் தமிழில் எழுதியவனும் நான்தான். அதற்குப் பிறகு அவர் கேட்டபோதெல்லாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் நம்பிக்கை என்னைத் தொற்றவில்லை.

செவ்வாய் மாலையே மரண அறிவித்தல் எழுதும்படி துஷ்யந்தி என்னைக் கூப்பிட்டாள். "காலஞ்சென்ற யோகேஸ்வரியின் அன்புக் கணவரும், கோபி, துஷ்யந்தி ஆகியோரின் அன்புத் தந்தையும்" என்று எழுதினேன். அவள் கோபியின் பெயரில் விரலை வைத்தாள்.

"அண்ணான்ர பேருக்கு முன்னாலயும் காலஞ்சென்ற எண்டு போடுங்கோ."

"அப்பா விடமாட்டாரேம்மா."

"அப்பா இல்லைத்தானே. அண்ணா வருவார் எண்டு இனி ஆர் பாத்துக்கொண்டிருக்கிறது? என்னால ஏலாது அண்ணா."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் வராத ஒருவனுக்காகவே வாழ்ந்தவள். நான் போட்டேன். நீங்கள் எல்லோரும் படித்தது அந்த அறிவித்தலைத்தான். ஒருவருடைய சாவு என்று நினைத்துப் படித்திருப்பீர்கள். கோபி உயிரோடு இருந்தது இந்த உலகத்தில் அந்த ஒரு மனிதரிடம் மட்டும்தான்.

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது, நான் ஒருநாளும் பார்த்திராத அந்தப் பிள்ளை. அவன் எங்கேயோ இருக்கிறான் என்று அவரைப் போல நம்பிப் பார்க்கிறேன். முடியவில்லை.