துணையில்லாத நத்தை பெருகாது என்று நினைத்தேன்

திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்குவது என் வேலை. மகள் கலியாணமாகி மூதூருக்குப் போனபோது இரண்டு தங்கமீன்களையும் தொட்டியோடு என்னிடம் விட்டுச் சென்றாள். வீட்டுக்கு வந்தால் முதலில் அவற்றைத்தான் பார்ப்பாள்.

தொட்டிக்கு வாங்கிய நீர்ச்செடியோடு ஒரு நத்தை வந்தது. துணையில்லாமல் பெருகாது என்று விட்டுவிட்டேன். சில வாரங்களில் கண்ணாடியெங்கும் பசைபோல முட்டைகள், பிறகு கடுகளவு குஞ்சுகள். வேலை முடிந்து வந்து தினமும் பொறுக்கிப் பொறுக்கிச் சலித்துப்போனேன். அந்தச் சலிப்பில் ஒருநாள் ஒரு பிளாஸ்டிக் கான் நிறையக் கடல்தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன். நத்தைகள் செத்து நாறின. மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன.

மனைவி ஓடிவந்தாள். "என்னப்பா செய்தனீங்கள்? பிள்ளையின்ர மீனைக் கருவாடாக்கப் போறியளோ?"

"நத்தை சாகட்டும் எண்டு..." என்று இழுத்தேன்.

அவள்தான் மீன்களைக் கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றினாள். நல்லகாலம், பிழைத்துக்கொண்டன. தொட்டியைக் கழுவி அவற்றைத் திரும்ப விட்டபின், செடியில் ஒட்டியிருந்த முட்டைகளிலிருந்து நத்தைகள் மறுபடி வந்தன.

மகள் வந்து சிரித்தாள். "அந்த நத்தை தனியவே முட்டை போடும் அப்பா. நீங்கள் அள்ளிப் போடுற தீனி மிஞ்சினா இன்னும் கூடும்."

இப்போது தீனியைக் குறைத்துவிட்டேன். மாலையில் கோவா எனும் முட்டைக்கோஸின் இலை ஒன்றைத் தொட்டியில் போட்டு, காலையில் அதில் ஏறியிருக்கும் நத்தைகளோடு எடுத்துவிடுகிறேன். நத்தை முற்றாகத் தீரவில்லை. எனக்கும் இனி அவசரமில்லை.