செங்கல் வீட்டில் நான் அடைத்த ஓட்டைகள்

எண்பதுகளில், பிரிஞ்சாங் மலையூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் பண்ணைவீட்டைக் கூட்டித் துடைப்பது என் வேலை. என்னைப்போல் சுத்தமாக வைக்க அங்கே ஆளில்லை. வெளிச்சுவரின் அடியில் வரிசையாக ஓட்டைகள் இருந்தன. குளிர்காற்று நுழையுதே என்று, நாங்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்தில் செய்வதுபோல் சாக்கைத் திணித்து, மேலே சிமெண்டும் பூசிவிட்டேன்.

இரண்டு வருஷம் போனது. ஒருநாள் கூட்டும்போது பலகைத்தரை உடைந்து, முழங்கால்வரை உள்ளே இறங்கிவிட்டேன். நல்லவேளை, எலும்பு முறியவில்லை.

"எல்லாம் இத்துப்போச்சு, இடிச்சிரலாம் லா" என்றார் தோட்டத்துக் கணக்கு பார்க்கும் கிராணி.

பக்கத்து ஊர் தானா ராத்தாவிலிருந்து வந்த கொத்தனார் குனிந்து பார்த்தார்.

"யாரும்மா இத அடைச்சது?"

"நான்தான். ஏன், பூச்சு சரியில்லையா?"

"பூச்சு பிரமாதம். அதான் பலக மக்கிப்போச்சு. அடியில காத்து ஓடுனாத்தான் ஈரம் காயும்மா." கிராணியிடம் திரும்பி, "செவுரு கல்லாட்டம் இருக்குங்க. இந்தச் செங்கல் இனிமே கிடைக்காது, இடிக்காதீங்க" என்றார்.

ஓட்டைகளைத் திறந்தார்கள், பலகை மாற்றினார்கள், வீடு பிழைத்தது. பனிக்காற்றை உள்ளே விட்டால் பலகை எப்படிக் காயும்? இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் பழைய சுவரில் கை வைக்குமுன், தெரிந்தவரிடம் கேட்கிறேன். கேட்பது எனக்குப் பிடிக்காது; இருந்தாலும் கேட்கிறேன்.