கார் ஆயில் குடித்த மோட்டார் சைக்கிள்

நீலாவதியின் வண்டி ஸ்கூட்டி இல்லை, கியர் போட்டு ஓட்டும் மோட்டார் சைக்கிள். டாலிகஞ்சில் அவள் குடியிருக்கும் காலனியில் அதைப் பார்த்து மூக்கில் விரல் வைக்காத ஆளே கிடையாது. வைத்தால் வைத்துக்கொள்ளட்டும்! ரயில்வே வேலைக்கு வந்த சேலத்துக்காரரின் மகள் அவள். பிறந்தது, பிசியோதெரபி படித்தது எல்லாம் கொல்கத்தாவில்தான். படுத்துவிட்டவர்களை வீடு தேடிப் போய் எழுப்பி நடக்க வைப்பது தொழில். பவானிபூர், பாலிகஞ்ச் என்று நாளைக்கு ஆறு வீடு. பஸ்ஸை நம்பினால் மூன்றுகூடத் தேறாது.

கணவர் முத்துக்குமார் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். முதலாளியின் புதுக்காருக்கு ஆயில் மாற்றியபோது ஒரு டப்பா மிஞ்சியது. எடுத்துக்கொள் என்றார் முதலாளி. ஒசத்தியான ஆயில். பெண்டாட்டி வண்டிக்கு இதைவிட வேறென்ன செய்துவிட முடியும் என்று ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போன நேரத்தில் பழையதை வடித்துவிட்டு இதை ஊற்றிவிட்டார். அவளிடம் மூச்சு விடவில்லை. வண்டி சும்மா பறக்கும், அவளே கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று ஆசை.

எங்கே பறந்தது? வியாழக்கிழமை பாலிகஞ்ச் மேம்பாலத்தில் ஏறும்போது எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. இறங்கித் தள்ளிக்கொண்டு பாலத்தடியில் இருந்த ஹரதன்தாவின் மெக்கானிக் கடைக்கு வந்தாள். தா, தாதா என்றால் அந்த ஊரில் அண்ணன். சமீபத்தில் ஆயில் மாற்றினீர்களா என்று அவர் வங்க மொழியில் கேட்டார். இரண்டு மாசமாக மாற்றவில்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். அப்படியானால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும், கடையில் இருக்கிற கூட்டத்துக்குப் பத்து நாள் ஆகும் என்றார் அவர்.

பத்து நாள்! நீலாவதி மனசுக்குள் வீடு வீடாக எண்ணிப் பார்த்தாள். அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஜெயலக்ஷ்மி மாமி முழங்கால் ஆபரேஷன் முடிந்து நேற்றுத்தான் வாக்கரை விட்டு நாலடி வைத்தார். மாமியை எப்படியாவது பார்த்துவிடலாம்; பவானிபூரில் இருக்கும் மற்றவர்களை? நாலு நாள் போகாவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். எஞ்சினைப் பிரிக்கப் போகிறார்கள் என்று கணவருக்குப் போன் செய்து சொன்னாள்.

முத்துக்குமார் அரை மணியில் மூச்சிரைக்க வந்தார். ஹரதன்தா அப்போதுதான் ஸ்பானரைக் கையில் எடுத்திருந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். முத்துக்குமார் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"நிறுத்துங்க தாதா. ஞாயித்துக்கிழமை ஆயிலை மாத்தினது நான்தான். கார் ஆயில்."

ஹரதன்தா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். காரில் கிளட்ச் தனியாக இருக்கிறது, பைக்கில் அது ஆயிலுக்குள்ளேயே கிடக்கிறது, வழுக்குவதற்கென்றே செய்த ஆயிலை ஊற்றினால் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டார். நாலு நாள்தானே, பிளேட் பிழைத்திருக்கும் என்று அவரே தைரியமும் சொன்னார். பைக் ஆயில் டப்பாவின் பின்பக்கம், கிளட்ச் வழுக்காது என்பதற்கு அடையாளமான எம்.ஏ. என்ற எழுத்தைத் தேடிப் பார்த்து வாங்கச் சொல்லிக்கொடுத்தார். கார் ஆயிலை வடித்துவிட்டு, பைக் ஆயிலை ஒரு தடவை ஊற்றி, ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றினார். எஞ்சினைப் பிரிக்கும் பெரிய வேலை கைக்கு வந்தும் அதை விட்டுக்கொடுத்த அந்த மனிதரை நீலாவதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெளியே வந்ததும் முத்துக்குமார் தலையைக் குனிந்துகொண்டார்.

"திட்டிடு, நீலா."

"திட்டறதுக்கு என்னங்க இருக்கு? அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே, அதுலதான் இன்னிக்கு என் பொழப்பு தப்பிச்சுது. ஏறுங்க பின்னாடி."

நாள் முழுக்க முதலாளியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுகிறவர் அன்றைக்கு அவள் பின்னால் உட்கார்ந்தார். இரண்டு பேரையும் சுமந்துகொண்டு வண்டி பாலத்தில் நிற்காமல் ஏறியது. ஒரு சுற்றுச் சுற்றி மாமி வீட்டுக்குப் போனார்கள். மனைவி வேலை செய்வதை முத்துக்குமார் அதுவரை பார்த்ததே இல்லை. வாசலோரம் நின்றுகொண்டார். மாமி வாக்கர் இல்லாமல் அவர் இருந்த பக்கமாக ஆறு அடி நடந்து வந்தார்.