தலையில்லாத சாமிக்குப் பின்னால்

ஜப்பான்காரன் காலத்தில், வேலை என்று சொல்லி எங்களைச் சிராங்கூன் ரோட்டில் லாரி ஏற்றி, சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காய்ந்த மூங்கில் காட்டில் மரம் வெட்டினோம். காய்ச்சலில் படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. அடுத்தது நாங்கள்தான் என்று தெரிந்தபோது, ஒரு மத்தியானம் நானும் என் தெருக்காரன் மாரிமுத்துவும் ஓடினோம்.

இலையெல்லாம் உதிர்ந்த காடு. ஒளிய ஒரு புதர்கூட இல்லை. பின்னால் சிப்பாய்களின் கூச்சல் கேட்டது. அப்போதுதான் அந்தப் பாழடைந்த கற்கோயில் கண்ணில் பட்டது. எந்தக் காலத்து ராஜா கட்டியதோ! மண்டபம் சரிந்து கிடக்க, கருவறை மட்டும் கூரையோடு நின்றது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“நாம உள்ள போகக் கூடாதுடா. குளிச்சு எத்தனை நாளாச்சு!”

“சாமி கோவிச்சா அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கலாம்ணே. ஜப்பான்காரன் கோவிச்சா கழுத்து இருக்காது, வாங்க!” என்று மாரிமுத்து என்னை இழுத்தான்.

உள்ளே நின்ற கல்சிலைக்கும் கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லை. பெருமாளா, புத்தரா, தெரியவில்லை. அதன் பின்னால் ஒடுங்கினோம். சருகு நொறுங்க பூட்ஸ் சத்தம் வாசல்வரை வந்தது. ஒருவன் எட்டிப் பார்த்தான். ‘முருகா’ என்று முனகக்கூட முடியாமல், சிலையின் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன். கல் குளிர்ந்திருந்தது. பிறகு சத்தம் மெல்ல விலகிப் போனது.

ஆற்றோரத்துச் சயாம்காரர்கள் சோறு போட்டு மறைத்து வைத்ததால் பிழைத்து ஊர் திரும்பினோம். இப்போது அந்தக் காட்டையும் கோயிலையும் வேலி போட்டுப் பாதுகாக்கிறார்களாம்.

இங்கே கோயிலில் திரை போட்டதும், எல்லோரும் அலங்காரம் பார்க்கக் காத்திருப்பார்கள். எனக்கோ, சாமி தன் முதுகுக்குப் பின்னால் யாரையோ மறைத்து வைத்திருப்பதாகத் தோன்றும். திரை விலகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன்.