பிளாப்பிக்கு வைத்த பொட்டு

எண்பதுகளின் கடைசியில், தானா ராத்தா என்ற மலையூருக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கறுப்பாக, சதுரமாக இருந்த பிளாப்பியைச் செருகினால்தான் அது விழித்துக்கொள்ளும். அந்தப் பிளாப்பியைத் தொடும் உரிமை ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்கு மட்டுமே. டைப்பிஸ்டான எனக்கு, கம்ப்யூட்டர்மேல் போர்த்தும் துணியைத் துவைக்கும் உரிமை இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. கொழுந்து வெட்டும் கத்தரி, லோரி, டைப்ரைட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கிராணி என்னும் அந்த மகான், பிளாப்பியையும் விடவில்லை. உறையில் உள்தகடு வெளியே தெரியும் திறப்பை நெற்றி என்று நினைத்தாரோ என்னவோ, சரியாக அங்கேயே அப்பினார்.

பூஜை முடிந்து ஆபீஸ் திறந்தபோது கம்ப்யூட்டர் கரகரவென்று முனகியதோடு சரி.

"இந்தக் குளிரு மிசினுக்கு ஒத்துக்கல லா, தொர" என்று தோட்ட மேனேஜரான துரையிடம் கூசாமல் சொன்னார் கிராணி. துரையும் தலையாட்டிவிட்டுக் கோலாலம்பூரிலிருந்து வேறு பிளாப்பி வரவழைத்தார்.

அது வந்ததும் கிராணி முதலில் கேட்டது சந்தனக் கிண்ணத்தை.

"ஐயா, போன தடவ அதுனாலதான் கெட்டுச்சு" என்றேன்.

"ஒனக்கு என்னா தெரியும்? போன தடவ பொட்டு சின்னதாப் போச்சு" என்றார்.